கிழங்குக்காரர்

ஒட்டன்சத்திரத்தில் மண்ணுக்குள்ளிருந்து எது வெளியே வந்தாலும், "கிலோ என்ன விலைக்குப் போகுது?" என்றுதான் கேட்பார்கள். கேரளத்து ஓணச் சாப்பாட்டுக்குக் காந்தி மார்க்கெட்டிலிருந்து லாரி லாரியாகக் காய் ஏற்றி அனுப்பும் ஊர் வேறு எப்படிக் கேட்கும்? இந்த ஊரில்தான், முளைவிட்ட வெங்காயத்தைக் கண்டால் தாளிக்கத் தோன்றாமல், அதன் தண்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்க்கிற ஓர் ஆத்மாவும் உண்டு. தெருவுக்கு ஒருவர் என்று சொல்ல முடியாது. பேட்டைக்கு ஒருவர் நிச்சயம். அநேகமாக வாத்தியார் வேலையிலிருந்தோ மின்வாரியத்திலிருந்தோ ஓய்வு பெற்றவர். ஊரார் வைத்த பெயர் கிழங்குக்காரர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். நகக்கண்ணில் செம்மண். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கிழங்கு. வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்விடுவார். அங்கே இருபது, முப்பது தொட்டி. முக்கால்வாசியில் மண்ணைத் தவிர ஒன்றும் இருக்காது.

"இவரைப் பார்த்தீங்களா?" என்பார், ஒரு தொட்டியைக் காட்டி.

"மண்ணுதானுங்க இருக்குது."

"உள்ளே தூங்குறாருங்க. சத்தம் போடாதீங்க."

தூங்குகிறவர் ஃபுட்பால் லில்லி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். கோடை மழையின் முதல் ஈரம் பட்டதும், இலைகூட முழுதாக வராத நேரத்தில், ஒற்றைத் தண்டு மேலெழும்பும். அதன் தலையில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பூக்கள் சேர்ந்து ஒரு சிவப்புப் பந்து. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அப்புறம் மழைக்காலம் முழுக்க வெறும் இலை; பனிக்காலத்தில் அதுவும் பழுத்து விழும். பத்து நாள் பூவுக்கு மிச்ச நாளெல்லாம் காவல். அதனால் மே மாதத்தில் கிழங்குக்காரர் ஊரை விட்டு நகரமாட்டார். கோயம்புத்தூர் மகன் கூப்பிட்டாலும் சரி, கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்தாலும் சரி. மொட்டு விரிந்த அன்று காலை ஆறு மணிக்கு, பேரன் பிறந்த சேதி சொல்லும் குரலில், எல்லோருக்கும் போன் போகும்.

மழை லில்லி விஷயத்தில் அவர் வானிலை ஆய்வு மையத்துக்கே போட்டி. பழனி மலைப் பக்கம் கருத்தால் போதும், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். காய்ந்து கிடக்கும் மழை லில்லி, நல்ல மழை பெய்த மூன்றாம் நாள், நான்காம் நாள் கூட்டமாகப் பூக்கும். குழாய்த் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது. "நகராட்சித் தண்ணிக்கு யாருங்க பூப்பாங்க?" என்பது அவர் கட்சி.

சம்பங்கியும் கிழங்கிலிருந்து வருவதுதான். ஆனால் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கில் விற்கிறது என்பதால் அவர் கண்ணில் அது பூ இல்லை, சரக்கு. டேலியா விஷயத்தில் மட்டும் அவர் சற்றுப் பிடிவாதக்காரர். கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, கொடைக்கானல் குளிரில் சொகுசாக வளர்ந்த கிழங்குக்கு ஒட்டன்சத்திரத்துச் சித்திரை வெயிலைப் பழக்கிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நம்புகிறார். டேலியா ஒவ்வொரு வருஷமும் நம்ப மறுக்கிறது.

அவர் வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்ப முடியாது. தாய்க்கிழங்கு பக்கத்தில் குட்டி போட்டுக்கொண்டே போவதால் தானத்துக்குப் பஞ்சமில்லை. வாங்கி வந்தவருக்குத்தான் கஷ்டகாலம். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், துக்க வீட்டுத் திண்ணையில்கூட, அவர் முதலில் விசாரிப்பது கிழங்கின் சுகத்தை.

"அழுகிப் போச்சுங்க."

"தண்ணி ஊத்துனீங்களா?"

"தினமும் ஊத்துனேனுங்க."

"அப்ப நீங்கதான் கொன்னது."

தீர்ப்பில் நியாயம் உண்டு. கிழங்கு என்பது செடி தனக்குத் தானே கட்டிக்கொண்ட சோற்று மூட்டை. இலை பச்சையாக இருக்கும்வரை அடுத்த வருஷப் பூவுக்கான சாப்பாட்டை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். அசிங்கமாகத் தொங்குகிறதே என்று இலையை நறுக்கினால் அடுத்த வருஷம் பட்டினி. இலை பழுத்தபின் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும், ஊற்றினால் அழுகல். அமரில்லிஸ் என்று நர்சரியில் விற்கிற லில்லிக்குக் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். மற்றபடி மனிதன் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. சும்மா இரு என்று முருகன் அருணகிரிநாதருக்கு உபதேசம் செய்ததாகச் சொல்வார்களே, அதையே கிழங்குக்காரர் மாடிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் செய்துகொண்டிருக்கிறார்.

அவரால் மட்டும் அது முடியாது. வாரத்துக்கு ஒருமுறை, யாரும் பார்க்காத நேரத்தில், ஆள்காட்டி விரலால் மண்ணைக் கிளறி முளை வந்ததா என்று பார்ப்பார். பார்த்த கையோடு கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். சாம்பல் தூவுவார். தொட்டியை நிழலுக்கு மாற்றி, மனசு கேட்காமல் வெயிலுக்கே திருப்பி வைப்பார். இத்தனையும் தாங்கிக்கொண்டு பூக்கிற கிழங்குகளுக்குத்தான் பொறுமை அதிகம்.

பூக்காரர்களிலேயே அவருக்கு எரிச்சலூட்டுகிறவர் கள்ளிமந்தையம் பக்கத்துச் சிநேகிதர். ஏக்கர் கணக்கில் செங்காந்தள் போட்டவர். தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை வரிசையாக அடுக்கும்போது முதலில் வைத்தது. சிநேகிதருக்கோ அது கண்வலிக்கிழங்கு, அவ்வளவுதான். ஆடியில் நட்டு, கொடியைக் கம்பியில் ஏற்றி, தையில் காயைப் பறித்து, விதையை விற்க வேண்டும். விதையில் இருக்கும் கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு மருந்தாவதால் வெளிநாட்டுக்குப் போகிறது. நடுவில் அது பச்சையாக மொட்டு விட்டு, மஞ்சளாகி, நெருப்பாகச் சிவப்பதையெல்லாம் அவர் கவனித்ததில்லை.

ஐப்பசியில் ஒரு காலை கிழங்குக்காரர் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது, பெண்கள் வரிசையாகப் பூவைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ரசிக்கிறார்களே என்று நெகிழ்ந்துவிட்டார். காந்தள் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து விலகி நிற்பதால் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்; அவர்கள் பார்த்தது கூலி வேலை. "சும்மாதானே நிக்கிறீங்க, ஒரு வரிசை பாருங்க" என்றார் சிநேகிதர். பெண்கள் பத்து வரிசை முடிப்பதற்குள் இவர் அரை வரிசை தாண்டவில்லை. ஒவ்வொரு பூவையும் விசாரித்துவிட்டுத்தானே நகர வேண்டும்!

கூலியாகக் கேட்டு வாங்கி வந்த நாலு கிழங்கால் வீட்டில் பெரிய ரகளை. கண்வலிக்கிழங்கு ஆளைக் கொல்லும் விஷம். கலப்பை வடிவத்தில் கிடக்கும் அதைத் தெரியாதவர் எடுத்துச் சமைத்தால் தீர்ந்தது. மற்ற லில்லிகளும் வெங்காயத்தின் சாயலில் இருந்துகொண்டு வயிற்றைக் கலக்குகிறவைதான். ஒருநாள் வெங்காயக் கூடையில் அமரில்லிஸ் கிழங்கு ஒன்று அகப்பட்டதும் வீட்டம்மா சொல்லிவிட்டார்: "ஏனுங்க, ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கோணும், இல்லீன்னா நான்." அன்றிலிருந்து பரணில் ஒரு தகரப்பெட்டி, அதற்குப் பூட்டு. வீட்டம்மாவின் நகை பூட்டில்லாத பீரோவில் இருக்கிறது.

எஞ்சியவற்றை மயில் பார்த்துக்கொள்கிறது. தொட்டியைக் கிளறிக் கிழங்கைப் புரட்டிப் போடுகிறது. விரட்டவும் மனசில்லை, முருகனுக்கு உகந்த காந்தளை முருகனின் வாகனமே தின்றால் மனுவை யாரிடம் கொடுப்பது? பழனி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே விசாரிக்கிறவர் எதிர்த்தரப்பு.

போன பங்குனியில் அவருக்குக் கண்புரை அறுவை. மதுரையில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்க வேண்டியதாயிற்று. கிளம்புமுன் எந்தத் தொட்டியை எப்போது நகர்த்துவது, எதற்கு எத்தனை சொட்டு என்று முழுநீளத் தாளில் எழுதி வீட்டம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைப் பஞ்சாங்கத்துக்குள் செருகிவிட்டு மறந்துபோனார். சித்திரை முழுக்க மாடி காய்ந்து கிடந்தது. வைகாசி முதல் வாரம் இரண்டு மழை. கிழங்குக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு மாடியேறியபோது ஃபுட்பால் லில்லி ஒன்பது பந்து. மழை லில்லி தரை தெரியாமல். அஞ்சு வருஷமாகத் தூங்கிய அமரில்லிஸ்கூட எழுந்து நின்றது.

வெகுநேரம் பார்த்தார். "நான் எழுதிக் கொடுத்தபடியே செஞ்சிருக்கே, பாரு" என்றார்.

"நான் ஒண்ணுமே செய்யலீங்க."

"அதத்தான் எழுதியிருந்தேன்."