அகல டயர் அண்ணன்

கான்டெஸா அண்ணன் உங்களிடம் பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். நீங்கள் வந்து இறங்கிய வண்டியின் டயரைப் பார்ப்பார். "நூத்தி அறுவத்தஞ்சா?" என்று கேட்பார். குரலில் துக்கம் விசாரிக்கிற கனிவு இருக்கும். வண்டி வாங்கிப் பத்து வருடம் ஆகியும் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். தங்கையைப் பெண் பார்க்க வந்த சின்னசேலம்காரர்களைப் பற்றி வீட்டில் கேட்டபோது, "நல்ல குடும்பந்தான், ஆனா முன் டயர் ரெண்டும் வேற வேற கம்பெனி" என்று சொல்லி, முடிய வேண்டிய சம்பந்தத்தை ஆறு மாதம் இழுத்தடித்தவர் அவர்.

இந்த ஜாதி ஆள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு ஊரில் புல்லட் வைத்திருப்பார், ஒரு ஊரில் ஜீப். கள்ளக்குறிச்சியில் அவருக்கு வாய்த்தது இந்துஸ்தான் கான்டெஸா. அரிசி மில் நடத்திய அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டது. அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் வரை வசதியான வீட்டு மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான் வரும். பூச்சரம் நிற்பதற்காக ஒட்டிய டேப்பின் தடம் பானெட்டில் இன்னும் இருக்கிறது. மில் போய்விட்டது, குடோனை வாடகைக்கு விட்டாயிற்று. கார் மட்டும் மிச்சம்.

அந்தக் கார் பிறந்த கதையை அண்ணன் பாதிதான் சொல்வார். இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி ஓட்டி முடித்த மாடல் ஒன்றை வாங்கி வந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில், அம்பாசடர் செய்த அதே தொழிற்சாலையில், 1984இல் கான்டெஸா என்று பெயர் வைத்து இறக்கினார்கள். நீள மூக்கு, அகலத் தோள், பின்னால் பாதி வீட்டுச் சாமான் ஏற்றுகிற டிக்கி. அமெரிக்கப் படங்களில் போலீசுக்குத் தண்ணி காட்டுகிற கார்களின் சாயல் இருந்ததால் 'இந்தியாவின் மசில் கார்' என்று ஒரு பட்டமும் ஒட்டிக்கொண்டது. இதுவரை அண்ணனே சொல்லிவிடுவார், நீங்கள் கேட்கவே வேண்டாம். சொல்லாத பாதி இது: ஆரம்பக் கான்டெஸாவின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின்தான். சுமார் 50 குதிரைத்திறன். இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் பிற்பாடுதான் வந்தது. அண்ணனுடையது ஆரம்ப ரகம். யாராவது இசுசு என்று பேச்செடுத்தால் டயரில் காற்று பார்க்கப் போய்விடுவார்.

அமெரிக்காக்காரன் அகல டயருக்குப் போனதில் ஒரு நியாயம் இருந்தது. 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வை மசில் கார்களுக்கெல்லாம் மூத்தது என்பார்கள். 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைத்திறன். அவ்வளவு பலத்தையும் அந்தக் காலத்து ஒல்லி டயர்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் நகர்வதற்கு முன் டயர் சுழன்று புகை கிளம்பும். அதனால் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அகல ரிம்முக்கும் அகல டயருக்கும் மாறினார்கள். நம் அண்ணனும் "கிரிப்பு வேணும்ல" என்று அதையேதான் சொல்கிறார். 50 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு டயரை வழுக்க வைக்க வேண்டுமென்றால் அவர் முதலில் ரோட்டில் எண்ணெய் ஊற்ற வேண்டும்.

டீக்கடையில் டயர் சரித்திரம் முழுவதும் அவருக்கு அத்துப்படி. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்தது, 1952இல் ரீட்ரெட் ரப்பருக்கு வந்தது, 1961இல்தான் டயருக்கு வந்தது என்று வருடத்தோடு சொல்வார். "பலூன்காரனே அங்க போயிட்டான், நம்ம ஊர்க்காரன் இன்னும் நூத்தி அறுவத்தஞ்சுலயே நிக்கறான்" என்று முடிப்பார். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் ரேஸ் ஓடிய நாட்களை நேரில் பார்த்த மாதிரியே வர்ணிப்பார். அவர் சோழவரம் போனது ஒரு காதுகுத்துக்கு.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சென்னைக்குப் போய், ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை எல்லாம் சுற்றி, நாலு அலாய் வீலும் நாலு டயரும் கொண்டுவந்து இறக்கினார். டயர் 235/60 ஆர்15. டயரின் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 141, நடுவில் 15 அங்குல ரிம். இந்த மூன்று எண்ணும் சேர்ந்துதான் டயர். அண்ணன் முதல் எண்ணோடு நிறுத்திக்கொண்டவர். ரிம் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே நிற்கும் என்பதை முடிவு செய்கிற ஆஃப்செட் என்று ஒன்று இருப்பதை அவரிடம் சொன்னவர் டிங்கர் மேஸ்திரி. அதுவும் காசு கொடுத்து வாங்கி வந்த பிறகு.

"அண்ணே, இது உள்ள உக்காராது."

"உக்கார வைப்பா."

"மட்கார்டு மடிப்புல உரசும்ணே."

"மடிப்பத் தட்டி உடு."

"தட்டினா பெயின்ட் வெடிக்கும்."

"பெயின்ட் அடிச்சிக்கலாம்."

"பின்னால போதாது. முன்னால உள்பக்கம் வேற இடிக்குது. ஸ்பேசர் வச்சு வெளிய தள்ளணும்."

"தள்ளு."

டயருக்காகக் காரை மாற்றுவது என்று முடிவான பிறகு மேஸ்திரியும் தன் கடமையைச் செய்தார். மட்கார்டின் உள் மடிப்பைச் சூடு காட்டி, மரக்கட்டையை அண்டக் கொடுத்து, சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி மேலே மடக்கினார். நல்ல வேலைக்காரர், அரை அங்குலத்துக்கு ஒரு தட்டு. பிறகு அந்த விளிம்பில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, டீக்கடையில் நின்ற பையன்கள் நாலு பேரைப் பின் சீட்டில் ஏற்றினார். "தம் கட்டி உக்காருங்கடா, வண்டி அமுங்கணும்." பள்ளம் பார்த்து ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டு வந்தால், உரசிய இடத்தில் டயரில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். விழுந்திருந்தது. மறுபடியும் சுத்தியல், மறுபடியும் சாக்பீஸ், மறுபடியும் பையன்கள். மூன்றாவது ரவுண்டுக்கு அவர்கள் பரோட்டா கேட்டார்கள்.

லேத்துக்காரர் இத்தனை இணக்கமாக இல்லை. அலுமினியத்தில் கடைந்த ஸ்பேசரை ஹப்பில் வைத்துச் சக்கரத்தை மாட்டிப் பார்த்தார். நட்டு மூன்று மரைகூட ஏறவில்லை. போல்ட் எவ்வளவு பருமனோ, குறைந்தது அந்த ஆழத்துக்காவது நட்டு பிடிக்க வேண்டும் என்பது பட்டறையில் சேர்ந்த முதல் வருடமே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். "நீளமான போல்ட் போடாம என் கடையிலேர்ந்து வண்டி நகராதுண்ணே" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் கோபித்துக்கொண்டு போய் மறுநாள் போல்ட்டோடு வந்தார். இந்தக் கதையில் நான் கும்பிடுவது அந்த லேத்துக்காரரைத்தான்.

அதற்கு மேலும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் உள்ளே உரசியது. மேஸ்திரி சக்கரம் அவ்வளவு திரும்பாதபடி ஸ்டாப்பரில் வாஷர் வைத்துவிட்டு, "ரொம்ப ஒடிக்காம ஓட்டுங்க" என்றார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. நாலுமுனைச் சந்திப்பில் சிக்னலுக்கு நின்று எடுப்பதற்குள் அண்ணன் சட்டை நனைந்துவிடும். சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் கையை உதறும். டயரின் சுற்றளவு மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் என்பார்கள். எந்த முள்ளும் அசையாத வண்டியில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2019 ஜனவரி 8ஆம் தேதி, கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும் என்று சட்டசபையில் முதல்வர் அறிவித்தார். மறுநாள், தயாரித்த கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. முதல் செய்திக்கு அண்ணன் பட்டாசு வெடித்தார். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவதைப் படிக்கவில்லை. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை உள்ளே போகவும் வழி உண்டு என்று அப்புறம் யாரோ சொன்னபோது, "டயர் மாத்தறது ஒரு மாத்தமா? செருப்பு மாத்துனா தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

வீட்டம்மாவுக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. மளிகைக்கு ஸ்கூட்டியில் போய்விடுவார். கான்டெஸாவில் ஏறினால் எங்கே போகிறோம் என்பது தெரியும், எப்போது திரும்புவோம் என்பது தெரியாது என்பது அவர் அனுபவம்.

புது டயரோடு முதல் பயணம் கல்வராயன் மலைக்கு. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரை சமதளம். அதுவரை அண்ணன் ராஜா. அதற்கப்புறம் மலை. கொண்டை ஊசி வளைவு என்பது ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிப்பதற்காகவே போட்டது. முழுவதும் ஒடிக்க முடியாதபடி உள்ளே வாஷர் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பாதி திரும்பி, நின்று, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால். மேலே வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பஸ் ஒன்று பொறுமையாக நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வேடிக்கை பார்த்தார். பின்னால் ஒரு பழைய மஹிந்திரா ஜீப். மேலே மூட்டை, உள்ளே ஆள், தொற்றிக்கொண்டு இன்னும் இரண்டு பேர். அந்த மாதிரி ஜீப்புக்குப் போடுகிற டயர் 6.00-16, ஆறு அங்குலம், அண்ணன் கணக்கில் வெறும் 152. மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கைச் சேகோ ஆலைகளுக்கு இறக்குகிற வண்டிகளுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற மலைவாழ் ஜனங்களை ஏற்றுகிற வண்டிகளுக்கும் அகலத்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது.

கரியாலூரை நெருங்கும்போது சாரல். ஜீப்புக்கு வழிவிடுகிறேன் என்று அண்ணன் ஓரம் கட்டிய இடம் சேறு. ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே இறங்கி, அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயரில் அதே கனம் பரவி விழுவதால் அது சேற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. ஜி.டி.ஓ.வுக்கு 325 குதிரைகள் சேர்ந்து செய்த காரியத்தை அண்ணனுக்கு 50 செய்து கொடுத்துவிட்டன. கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தவர், "வீல் ஸ்பின்னு! வீல் ஸ்பின்னு!" என்று கத்தினார். ஜீப்பிலிருந்து ஆறு பேர் இறங்கித் தள்ளினார்கள். ஜீப் டிரைவர் சேற்றைத் துடைத்துக்கொண்டே டயரைக் கையால் தட்டிப் பார்த்து, "ட்ராக்டருதா அண்ணே?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

பெரியார் நீர்வீழ்ச்சியில் நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது. குளிக்க வந்த காலேஜ் பையன்கள் அருவியை விட்டுவிட்டு காரைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் பானெட்டில் சாய்ந்து போட்டோ எடுத்தான். இன்னொருவன் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். அண்ணன் தள்ளி நின்று, தனக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமில்லாதவரைப் போல, யாராவது "யாரோடது?" என்று கேட்பதற்காகக் காத்திருந்தார். கேட்டார்கள். அதற்கப்புறம் இருட்டும் வரை அவரைக் கிளப்ப முடியவில்லை.

பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் கார்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்த முறை வந்தபோது, பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் 235 பட வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லி, குடோனில் சாக்குக்கு அடியில் கிடந்த பழைய இரும்பு ரிம்களை எடுத்து மாட்டினார்கள். வாஷரையும் கழற்றினார்கள். அண்ணன் ஒரு விரலில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். உதறல் இல்லை, உரசல் இல்லை. போன வேகத்தில் திரும்பி வந்தார். வரும் வழியில் வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குக்கூடப் போனார். வண்டி இவ்வளவு நன்றாக ஓடி அவர்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் பட்டறைக்கு வந்து, "மாட்டிடுப்பா" என்றார்.

"நல்லாத்தானே ஓடுச்சு, அப்புறம் ஏண்ணே?"

"ஓடுச்சுப்பா. நாலுமுனைல ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கலயே."