படுக்கை கொடுத்தவர்கள்

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கம் கணி நந்த ஆசிரியன் என்றொரு சமணத் துறவி இருந்தார். வீட்டைத் துறந்தார், சொத்தைத் துறந்தார், சுற்றத்தைத் துறந்தார். எல்லாம் போன பிறகும் முதுகு என்ற ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சாய்க்க மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலையில் ஒரு குகைத்தளம் அகப்பட்டது.

துறவிக்கு இடம் கொடுத்தால் புண்ணியம். பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுத்தி முந்திக்கொண்டார். பாறையைச் செதுக்கிப் படுக்கை செய்தாயிற்று. தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்தித் தலையணையும் கல்லிலேயே செய்தாயிற்று. மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் குகையின் நெற்றியில் காடியும் வெட்டியாயிற்று. இத்துடன் கீழே இறங்கியிருக்கலாம். இறங்குவாரா? அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணில் படும்படி, நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுத்தி செய்வித்த பள்ளி இது என்று பாறையில் வெட்டவைத்துவிட்டுத்தான் போனார்.

இதைப் பார்த்து சடிகன் என்பவருக்குக் கை அரித்தது. அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி பதவி ஏதும் இல்லை போலிருக்கிறது. ஆகவே நெடுஞ்செழியனின் சகலை (மைத்துனர் என்பாரும் உண்டு), இளஞ்சடிகனின் தகப்பன் என்று இரண்டு உறவைச் சொல்லித் தன் பெயரை வெட்டிக்கொண்டார். வெள்ளறை வணிகக் குழுவும் சும்மா இருக்கவில்லை, தன் பங்குக்குத் தானம் செய்து அதையும் எழுதிவைத்தது. கோயிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் தன் பெயரை அதன் மேலேயே எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைக்கிறாரே, அந்தப் பழக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று நான் பார்த்ததில்லை.

‘எனது’ என்பதை விடு என்று போதித்த ஆசிரியர், தலைக்கு மேல் இத்தனை ‘எனது’களை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாரோ. ஆனால் இந்தச் சின்னப் பெருமையை நான் திட்டமாட்டேன். கடலன் வழுத்தியும் சடிகனும் அடக்கமானவர்களாக இருந்திருந்தால் நெடுஞ்செழியன் என்ற பெயர் புலவர்களின் ஏட்டில் மட்டும் இருந்திருக்கும், கல்லில் இருந்திருக்காது.

பழக்கம் பரவிற்று. அழகர்மலைக் குகைக்குப் போனால் உப்பு வணிகர், கொழு வணிகர், துணி வணிகர், வெல்லப்பாகு வணிகர், மதுரைப் பொற்கொல்லர் என்று எல்லோரும் வரிசையாகப் பெயர் எழுதியிருக்கிறார்கள். வசூல் நோட்டைப் பாறையிலேயே விரித்துவிட்டார்கள்.

பிறகு ஏழாம் நூற்றாண்டு. மதுரையில் எட்டாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்கிறது பெரியபுராணம். சரி, அத்துடன் மலைகள் காலியாகியிருக்க வேண்டுமல்லவா? இருநூறு ஆண்டு கழித்து கீழக்குயில்குடி சமணர் மலையை எட்டிப் பார்த்தால் ஒரே ஜேஜே. அச்சணந்தி என்ற முனிவர் கால் வைத்த மலையெல்லாம் தீர்த்தங்கரர் திருமேனி, அதன் கீழே வட்டெழுத்தில் அவர் பெயர். பிள்ளை துறவியானால் என்ன, தாய் சும்மா இருப்பாரா? அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் ஒன்று தனியாகவே இருக்கிறது. மகனுடைய பெயர் இல்லாமல் தாயார் தன் பெயரைப் போடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சமணர்கள் மெல்ல மறைந்தார்கள், எழுத்தும் மறந்தது. ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். சமணர் மலையின் இன்னொரு பக்கம் நீண்ட காதும் பூரித்த கன்னமுமாகச் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைப் பார்த்து, இவ்வளவு செழிப்பான ஆள் செட்டியாராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த இடம் செட்டிப்புடவு ஆயிற்று. கல்படுக்கைகள் பஞ்சபாண்டவருக்குப் போயின. ஐந்து பேருக்கு எதற்கு இத்தனை படுக்கை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கணக்குப் பார்த்தால் பாண்டவர்கள் வனவாசம் முழுவதையும் தமிழ்நாட்டில் மலை மலையாகத் தூங்கியே கழித்திருக்க வேண்டும்.

1882இல் ராபர்ட் சீவெல் மாங்குளத்துக் கல்வெட்டுகளைக் கண்டார். படிக்க ஆள் இல்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் இது தமிழ்தான் என்று எடுத்துச் சொன்ன பிறகும் நாடு ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. அறுபதுகளில் ஐராவதம் மகாதேவன் வந்தார். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்பில் கையெழுத்துப் போடுவதற்குத்தான் அரசு சம்பளம் கொடுத்தது, குகையில் கையெழுத்துப் படிப்பதற்கு அல்ல. இருந்தும் மலை மலையாக ஏறினார், எழுத்து எழுத்தாகப் படித்தார், 2003இல் எல்லாவற்றையும் ஒரு பெரிய நூலாக்கினார். சடிகனுக்கு வாசகர் கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த வாசகரும் வேலை நேரம் போகத்தான் வந்தார்.

இதற்குள் வேறு எழுத்தாளர்களும் மலையேறத் தொடங்கியிருந்தார்கள். ஆணியும் பெயின்ட் டப்பாவும் இவர்களுடைய கருவிகள். அம்பு பாய்ந்த இதயம், இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். இதுவும் கல்வெட்டுத்தானே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கடலன் வழுத்தியாவது படுக்கை கொடுத்தார்.

இவர்களையும் அப்பாவிகள் ஆக்கினார்கள் கிரானைட்காரர்கள். எழுத்தின் மேல் எழுதுவதெல்லாம் எதற்கு, மலையையே எடுத்துப் போய்விடலாமே என்றது அவர்கள் கட்சி. மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம் 2012இல் எழுதிய அறிக்கை, அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது. பஞ்சபாண்டவர் மலை என்று பெயர் வாங்கிய கீழவளவில், கல்படுக்கைக்குக் கூப்பிடு தூரத்தில் குவாரி.

2010இல் யானைமலைக்கு ஆபத்து வந்தது. மதுரையை அழிக்கச் சமணர்கள் மந்திரத்தால் ஏவிய யானையைச் சொக்கநாதர் அம்பெய்து வீழ்த்த, அது மலையாகிவிட்டது என்பது திருவிளையாடல். கடவுளே கொன்று போட்ட யானையை அரசு மறுபடி வெட்ட நினைத்தது. சிற்ப நகரம் அமைக்கப் போகிறார்களாம். சிற்பத்துக்காக மலையை உடைப்பது என்ற யோசனை யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அந்த மலையில் எட்டாம் நூற்றாண்டு நரசிங்கர் குடைவரை இருக்கிறது. பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி குடைந்து, குடமுழுக்குக்கு முன் கண்ணை மூடிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்த கோயில் அது. நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் எதிர்த்து நின்றார்கள். அரசு பின்வாங்கியது.

அந்தச் சூட்டில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் பசுமை நடையைத் தொடங்கினார். ஞாயிறு விடிகாலையில் யார் வேண்டுமானாலும் வரலாம். மலையேறினால் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டைப் படித்துக் காட்டிப் பொருள் சொல்வார். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் உண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறும் தாத்தாக்கள் உண்டு. பாதிப் பேர் ஆலமரத்தடிக் காலைச் சாப்பாட்டுக்காக வருகிறார்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. வரட்டுமே. கடலன் வழுத்தி மட்டும் புண்ணியத்தை எதிர்பாராமலா வந்தார்?

மாங்குளத்துக்கு அடுத்த அரிட்டாபட்டியில் ஊர்க்காரர்களே தங்கள் ஏழு மலைகளுக்கும் காவல் இருந்தார்கள். குகைக் கல்வெட்டு, லகுலீசர் இருக்கும் குடைவரை, வல்லூறுகள், சுனைகள் எல்லாம் சேர்த்து 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமுமாக 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. சரியாக இரண்டே ஆண்டு. 2024 நவம்பரில் அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளே இழுத்துக்கொண்டு, 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்திருப்பதாகச் செய்தி வந்தது. டங்ஸ்டன் என்றால் குண்டு பல்பின் உள்ளே எரிகிற இழை. ட்யூப் லைட்டின் இரண்டு முனையிலும் அதுதான் இருக்கிறது.

கிராமசபைகள் தீர்மானம் போட்டன. கடைகள் அடைத்தன. சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து ஊர்கள் திரண்டு மதுரையை நோக்கிக் கிளம்பின. ஆயிரக்கணக்கானோர், சாதி மதம் பாராமல், பாட்டிகள் முதற்கொண்டு. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ரத்தானதுதான் தாமதம், அது யார் கைங்கரியம் என்ற போட்டி வந்துவிட்டது. ஜனவரி 26 அன்று முதலமைச்சர் வந்து பாராட்டு பெற்றுக்கொண்டார். 30 அன்று ஒன்றிய சுரங்கத் துறை அமைச்சர் வந்து தம் பங்கைப் பெற்றுக்கொண்டார். ஊர்க்காரர்கள் இரு தரப்புக்கும் குறை வைக்கவில்லை. மேலூர் மரியாதை அப்படி. கிராமசபையில் கை தூக்கியவர்கள், வெயிலில் நடந்தவர்கள் பெயரையும் எங்காவது பொறித்துவைத்தால் தேவலைதான். மலையில் வெட்டினால் தொல்லியல் துறை வழக்குப் போடும்.