எடுக்காத போனுக்குக் காசு

அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: “ஏன்டா, அத்தனை நேரம் பேசினேனே, ஒரு வார்த்தை பதில் சொன்னா வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துடுமா?” மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து மான்செஸ்டருக்குப் போன அந்தக் கேள்விக்குத் தம்பி ஒரு நீண்ட கடிதமே எழுதிவிட்டான். காகிதத்தில், பேனாவால். அக்காவுக்குக் கைப்பேசித் திரையில் படித்தால் கண் கூசும். அதோடு, தபாலில் வந்தால்தான் கடிதம், மற்றதெல்லாம் அரட்டை என்பது அவர் கட்சி.

‘நலம், நலமறிய ஆவல்’ முடிந்த கையோடு குற்றச்சாட்டை மறுக்கிறான் தம்பி. அன்றைக்குப் போனை எடுத்தது அவன் இல்லையாம். மெஷினாம்.

பேராக்கில் காலை எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் இங்கிலாந்தில் நள்ளிரவு. அக்கா டாப் அப் போட்டு, 44-இல் தொடங்கும் அந்த நீளமான எண்ணை அடித்தபோது தம்பியின் கைப்பேசி அணைந்து கிடந்தது. அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போனது. தம்பியின் குரல் முதலில் ஆங்கிலத்தில் எதையோ சொல்லிவிட்டு, ஊர்க்காரர்களுக்கென்று சேர்த்திருந்த தமிழில், “வணக்கம், விஷயத்தைச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்” என்றது. பிறகு ஒரு ‘பீப்’.

சொல்லுங்க என்றால் அக்கா சொல்லாமல் இருப்பாரா?

மறுநாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான். “பசியாறிட்டியா?” என்று கேட்டுவிட்டு அக்கா பதிலுக்குக் காத்திருக்கிறார், பின்னால் சேவல் கூவுகிறது. “குளிருக்குச் சட்டை கிட்டை போட்டுக்கிறியா?” மறுபடி காத்திருக்கிறார், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போகிறது. அடுத்து மாமாவிடம் திரும்பி, “ஏங்க, மூச்சு விடற சத்தம்கூட வரல. கோவமா இருக்கானா?” மாமா, “லைன் சரியில்ல, வை.” “சொல்லுங்கன்னு அவன்தானே சொன்னான்!” அதன் பிறகு காத்திருப்பு இல்லை. அம்மா திதிக்கு வராதது, அனுப்பிய ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்று சொல்லாதது, மாமா பக்கத்துக் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்து கூட அனுப்பாதது என்று வரிசையாக வருகிறது. மெஷின் கொடுத்த நேரம் முடிந்ததும் ‘நீ எப்பவுமே’ என்ற இடத்தில் பேச்சு அறுந்துபோகிறது. ‘எப்பவுமே என்னக்கா? அதை மட்டும் பதில் கடுதாசியில் எழுது’ என்று கேட்டிருக்கிறான்.

வாய்ஸ்மெயிலின் சூட்சுமம் எளிதானது. கைப்பேசி அணைந்திருந்தாலோ, வேறு பேச்சில் இருந்தாலோ, சில விநாடிகள் மணியடித்தும் யாரும் எடுக்காவிட்டாலோ, தொலைபேசி நிறுவனம் அந்த அழைப்பைத் தன் கணினிக்குத் திருப்பிவிடுகிறது. கணினி எடுக்கிறது. எடுத்ததும் மீட்டர் ஓடத் தொடங்குகிறது. எடுத்தது மனுஷனா மெஷினா என்றெல்லாம் மீட்டர் பார்ப்பதில்லை. அக்கா போட்ட டாப் அப் கரைந்தது இப்படித்தான்.

இந்த இடத்தில் கடிதத்தின் கேலி கொஞ்சம் சூடாகிறது. நியாயமான சூடுதான். மிஸ்டு கால் என்பது ஏழைகள் கண்டுபிடித்த இலவசத் தந்தி. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஒரு மணி அடித்து வைத்தால் ‘பஸ் ஏறிட்டேன்’. இரண்டு மணி என்றால் ‘லேட்டாகும், சோறு எடுத்து வை’. ஒரு சென் செலவில்லை. இந்தியாவில் மிஸ்டு காலையே தொழிலாக்கிய பெங்களூர் நிறுவனமான ஜிப்டயலை 2015 ஜனவரியில் ட்விட்டர் வாங்கியது. எடுக்காமல் விடுவதிலேயே செய்தி இருக்கும் ஊரில் எல்லாவற்றையும் எடுத்துவிடும் மெஷினுக்கு என்ன வேலை?

மான்செஸ்டரில் அதற்கு ஏகப்பட்ட வேலை. தம்பியின் அலுவலகத்தில் சேர்ந்த அன்றே ஒரு தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்புச் செய்தியில் பெயர், பிரிவு, இன்றைய தேதி, இருக்கைக்கு எப்போது திரும்புவார், அவசரமென்றால் யாரைக் கூப்பிடலாம், எல்லாம் இருக்க வேண்டும். தினமும் காலையில் புதிதாகப் பதிய வேண்டும். பதியும்போது சிரித்த முகத்தோடு பேச வேண்டும். சிரிப்பு குரலில் தெரியுமாம்.

தம்பி கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்துப் பதிந்தான். போட்டுக் கேட்டால், தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் தண்டல் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடுவதுபோல இருந்தது. மறுபடி சிரித்தான். தரை துடைக்க வந்த அம்மாள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். மூன்று நாள் லீவு முடிந்து திரும்பியவன் செய்தியை மாற்ற மறந்தபோதுதான் உச்சகட்டம். அடுத்த மேசை மேலாளர் அவனுக்குப் போன் அடித்தார். அவன் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்ததால் மெஷின் எடுத்து, ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்றது. அவன் முதுகு கண்ணுக்கு நேரே தெரிய, அவன் ஊரில் இல்லை என்று அவர் வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். ‘இங்கே ஆள் சொல்வதைவிட மெஷின் சொன்னால்தான் செல்லும் அக்கா’ என்கிறான்.

இந்த மெஷினுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ்காரர் கார்டன் மேத்யூஸ் 1979-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1983-இல் கிடைத்தது. ‘நீங்கள் வெளியே போயிருந்தபோது இன்னார் கூப்பிட்டார்’ என்று எழுதிய இளஞ்சிவப்புத் துண்டுச் சீட்டுகள் ஓர் அலுவலகக் குப்பையில் குவிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று அவர் சொல்வாராம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சீட்டு புதிதல்ல. போன் இருந்தது ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். லயத்து ஆளுக்குச் செய்தி வந்தால் ஆபீஸ் எழுத்தரான கிராணி துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்; சாவுச் செய்தி என்றால் சைக்கிளில் ஆள் வரும். அந்தச் சீட்டைப் படிக்கக் காசு கேட்டதில்லை என்று தம்பி ஞாபகப்படுத்துகிறான்.

பெருமையும் கொஞ்சம் அடித்திருக்கிறான். ‘எங்கள் நாட்டில் தபால், தொலைபேசி எல்லாம் பார்த்த அமைச்சரே எங்கள் ஊர்க்காரர்’ என்று ஆங்கிலேய சகாக்களிடம் சொன்னானாம். அது உண்மை. சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1959-க்குப் பிறகு நெடுங்காலம் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட நாளில், 1960-இல், தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. தம்பி இதோடு நிறுத்தியிருக்கலாம். பேராக்கின் கோலகங்சாரில் இன்றும் நிற்கும் பழைய ரப்பர் மரம் 1877-இல் நட்டது, எடிசன் மனிதக் குரலைப் பதிந்து முதன்முதலில் திருப்பிக் கேட்கவைத்ததும் அதே 1877-இல், கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினர் தொடக்கத்தில் விற்ற இசைத்தட்டுகள் கெட்டி ரப்பர், ஆகவே குரலைச் சேமிக்கும் தொழிலே பேராக்கில் பிறந்தது என்ற வரைக்கும் போயிருக்கிறான். தேதிகள் சரி. ஆனால் பெர்லினர் தட்டு செய்த காலத்தில் மலாயாவில் வியாபாரத்துக்கு ரப்பர் தோட்டமே பெரிதாக எழும்பவில்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வாய்ஸ்மெயில் பெட்டியைத் திறக்கும் இரகசிய எண் விஷயத்தில் மட்டும் தம்பி வேடிக்கை பண்ணவில்லை. பிரிட்டனில் பல ஆண்டுகள், நிறுவனம் முதலில் கொடுத்த எண்ணை மாற்றாமல் விட்டவர்களின் பெட்டிகளைப் பத்திரிகைக்காரர்கள் திறந்து கேட்டிருக்கிறார்கள். அரச குடும்பத்து ஊழியர்களின் செய்திகளை ஒட்டுக்கேட்டதற்காக ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ நிருபர் ஒருவரும் தனியார் துப்பறிவாளர் ஒருவரும் 2007 ஜனவரியில் சிறைக்குப் போனார்கள். கொலையுண்ட ஒரு பள்ளி மாணவியின் பெட்டியையும் தொட்டிருந்தது தெரிந்தபோது நாடே கொதித்தது; 1843-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2011 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. தம்பி எண்ணை மாற்றிவிட்டான். ‘நீ என்னைத் திட்டியதைக் கேட்டுப் போடப் பத்திரிகைக்காரன் வரமாட்டான்தான், இருந்தாலும் குடும்ப மானம்’ என்று காரணமும் எழுதியிருக்கிறான்.

தைப்பூசத்துக்கு வந்திருந்தபோது பட்ட அடியைக் கடைசிப் பக்கத்துக்கு வைத்திருக்கிறான். ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடியோடு நடந்துகொண்டிருந்தான். உறுமி மேளத்தில் பையிலிருந்த கைப்பேசி அடித்தது எங்கே கேட்கும்? பிரிட்டன் எண்ணுக்கு வந்த அழைப்பு ஈப்போ வரை வருகிறது. யாரும் எடுக்காததால் திரும்பவும் பிரிட்டனிலுள்ள வாய்ஸ்மெயிலுக்கே போகிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம், இரண்டும் வெளிநாட்டு விகிதத்தில், இரண்டும் அவன் தலையில். ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் இப்படி வரும் குரல் செய்திகளுக்கு ரோமிங் கட்டணம் கூடாதென்று 2010 ஜூலையிலேயே விதி போட்டுவிட்டது. கல்லுமலை அந்த எல்லைக்குள் இல்லை. ‘முருகனுக்கு உண்டியலில் போட்டதைவிடப் போன் கம்பெனிக்குப் போட்டது அதிகம். ஆனாலும் அந்த மேளத்தை இன்னொரு தடவை கேட்கக் கிடைக்குமென்றால் போட்டுவிடலாம்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஊறுகாய் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கிறான்.

மெஷினை நிறுத்திவிடுவதாகச் சொல்லிக் கடிதத்தை முடித்திருந்தான். அக்காவின் பதில் தபாலில் வரவில்லை. மகளின் கைப்பேசியை வாங்கி வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பிவிட்டார். 2013-இல் வந்த வசதி அது. நாளொன்றுக்குச் சராசரியாக 700 கோடி குரல் செய்திகள் போவதாக 2022-இல் அந்த நிறுவனமே சொன்னது. அக்கா சொன்னது இது: “அதை நிறுத்தாதடா. பொறந்ததிலேர்ந்து நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேசாம கேட்டது அந்த ஒரு தடவைதான்.”

அக்கா கட்சியா, மீட்டருக்குப் பயந்த கட்சியா என்பது அவரவர் பாடு. ஊரிலிருந்து காசு போட்டுக் கூப்பிடுகிறவர்கள் இருக்கும் வீடுகளில் மெஷினை நிறுத்திவைப்பதே நல்லது. பல நிறுவனங்களில் உங்கள் கைப்பேசியிலிருந்து *#61# அடித்தால், எடுக்காத அழைப்பு எந்த எண்ணுக்குப் போகிறது என்று திரையில் தெரியும். #004# அடித்தால் திருப்பிவிடுவது நிற்கும். மனசு மாறினால் *004# அடித்து மீட்டுக்கொள்ளலாம். ##004# மட்டும் வேண்டாம். அது அந்த எண்ணையே அழித்துவிடும். திரும்பப் போட அந்த எண்ணை நீங்களே தேடிப் பதிய வேண்டும்.