தோட்டக்குழுத் தலைவரின் வாக்குமூலம்

எங்கள் விழுப்புரம் அடுக்ககத்தில் தோட்டக்குழுத் தலைவர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்தபோது யாரும் எதிர்க்கவில்லை. என் பால்கனியில் செழித்திருந்த செடிகள்தான் காரணம். அவை பிளாஸ்டிக் என்பது தொட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

பதவியேற்றதும் பக்கத்துப் பூங்காவுக்குப் பூட்டுப் போட்டேன். நம் காசில் வாங்கிய இடத்தில் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதா என்ற கொதிப்பு. நகராட்சி ஊழியர் ஒருவர் வந்து பொறுமையாகப் பாடம் எடுத்தார். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால், சாலை போக 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். எனும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலமாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். "பூங்கா ஊருக்குச் சொந்தம் சார். பூட்டு மட்டும்தான் உங்களுது, எடுத்துட்டுப் போங்க." எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வாசலில் கொரியன் புல். சிங்கப்பூர் போய் வந்த மயக்கம். சித்திரை வெயிலில் இருவேளையும் தண்ணீர் குடித்தது, அப்படியும் கருகியது. நடுவே கோரை மட்டும் தழைத்தது. திண்டிவனத்திலிருந்து வந்திருந்த மாமியார் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, இவ்ளோ தண்ணி வுடறீங்களே, மல்லாட்ட வெதச்சிருந்தா ஊட்டுக்காவது ஆயிருக்குமே?" டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ரகங்களெல்லாம் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை. அந்த ஊர்க்காரரிடம் போய்ப் புல்லைக் காட்டிப் பெருமையடித்திருக்கக் கூடாது.

மதிலோரம் கோனோகார்பஸ் வைத்தேன். "சீக்கிரம் வளரும் சார்" என்றார் நர்சரிக்காரர். பொய் சொல்லவில்லை. மேலே மதிலைத் தாண்டியது, கீழே கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்தது. 2023-இல் குஜராத் அரசு அதை நடத் தடை போட்ட சேதியை, அடைப்பெடுக்க வந்தவர்தான் எனக்குச் சொன்னார்.

என் சாதனைகளின் சிகரம் கூழாங்கல். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் அதற்கான குழி இருந்தது. பார்க்க லட்சணமாக இல்லையென்று அதன் வாயைச் சிமெண்டால் பூசி, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பினேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஊர் மூழ்கியதற்கு நான் பொறுப்பில்லை. ஊரெல்லாம் வடிந்த பிறகும் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்ற தண்ணீருக்கு நானேதான் பொறுப்பு.

கற்றுக்கொள்ள வெளிநாடு போயிருக்க வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில் ஆரோவில் இருக்கிறது. 1968-இல் தொடங்கியபோது மழை அரித்த செம்மண் பொட்டல் அது. அங்கே வரப்பெடுத்து மழைநீரை நிறுத்தி, மரம் வைத்துக் காடாக்கினார்கள். நான் செடியில் தொடங்கி வெள்ளத்தில் முடித்தேன். இதே மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். கோயிலைச் சூழ்ந்த காட்டை ஒரு தடவையும் அண்ணாந்து பார்த்ததில்லை. அந்தக் காட்டுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, குழுத் தலைவரும் இல்லை. அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறது.

நீங்களும் அடுக்ககத்தில் தோட்டம் போடப் போகிறீர்களா? முதலில் ஒரு மழை நாளில் குடையோடு இறங்கி, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அப்புறம் வேம்பு, புங்கன், பூவரசு என்று நம்மூர் மரங்களை வையுங்கள். பூங்காக் கதவைத் திறந்தே வையுங்கள். ஆலோசனைக்கு மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.