மலையேறும் டீசல் வண்டியின் மைலேஜ்: பரபக்கமும் சுபக்கமும்

சூலூரில் புது வண்டி எடுத்தவரிடம் யாரும் விலையைக் கேட்பதில்லை. வண்டி வாசலுக்கு வருமுன்பே விலை ஊருக்குத் தெரிந்துவிடும். "எத்தன குடுக்குதுங்?" என்பதுதான் கேள்வி. இதில் எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. ஆனாலும் கேட்டவருக்கோ பதில் சொல்பவருக்கோ பொருள் விளங்காமல் போனதாக வரலாறு இல்லை. சந்தையிலிருந்து எருமை ஓட்டி வந்தவரிடமும் இதே கேள்விதான். வேறுபாடு ஒன்றே: எருமை லிட்டரைக் கொடுக்கும், வண்டி லிட்டரை வாங்கிக்கொண்டு கிலோமீட்டரைக் கொடுக்கும். கொடுக்கல் வாங்கலில் இந்தத் திசைமாற்றத்தைக் கவனிக்காததே மைலேஜ் பற்றிய குழப்பங்கள் அனைத்துக்கும் மூலம் என்பது என் துணிபு.

ஆய்வுப் பொருள், ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. ஆட்களோடும் முறுக்குத் தூக்கோடும் சேர்த்து எடை இரண்டு டன் என்று கொள்க. ஆய்வுக்களம், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி. சூலூர்க்காரர் கருமத்தம்பட்டி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சேரும்வரை பேசும் மைலேஜ் சமவெளி மைலேஜ். அதில் சுவை இல்லை. கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி முக்கத் தொடங்கும்போதுதான் தத்துவம் பிறக்கிறது.

முன்னாய்வுகள் அனைத்தும் வாய்மொழியாகவே கிடைக்கின்றன. திருச்சி ரோட்டு டீக்கடை பெஞ்சே அவற்றின் ஆவணக் காப்பகம். விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் ஒன்று கிளம்பினால் விவாதம் அரை நிமிடம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். தலைக்கு மேல் போனது எத்தனை குடுக்குது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு வரலாற்றுக் குறிப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினுக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது 1893 பிப்ரவரியில். அடுத்த மாதமே, சூலூரை ஒட்டிய கலங்கலில் ஜி.டி. நாயுடு பிறக்கிறார். 1920இல் ஒற்றை பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, பின்னால் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தவர் அவர். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. தொடர்பு இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. எனவே கட்டுரையில் சேர்க்கலாம் என்று முடிவு செய்தேன். டீசலின் எஞ்சின் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்டபோது, உள்ளே ஊற்றிய எண்ணெயின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வேலையாக மாறியது. அதுவே அன்று உலக அதிசயம். இன்றைய வண்டிகளில் அது நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மீதி இரண்டு பங்கு புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடும். இந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கை வாசகர் முந்தானையில் முடிந்துகொள்ளவும், வேட்டிக்காரர் மடியில்.

நம் மரபில் சொந்தக் கொள்கையை நாட்டுமுன் பிறர் கொள்கையை மறுப்பது முறை. முன்னது சுபக்கம், பின்னது பரபக்கம். அவ்வாறே செய்வோம்.

முதலாவது அதிகாலை மதம். விடியுமுன் பெட்ரோல் பங்குக்குப் போய் டீசல் போட்டால், குளிரில் எண்ணெய் சுருங்கியிருக்கும், அதே காசுக்கு அதிகம் கிடைக்கும் என்பார்கள். சூடேறினால் டீசல் விரியும் என்பது உண்மை. பத்து டிகிரிக்கு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் பங்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது. மேலே விடிந்ததா, பொழுது சாய்ந்ததா என்பது அதற்கு ஏறக்குறைய தெரியாது. இம்மதத்தாருக்கு ஒரு நன்மை மட்டும் நிச்சயம்: வரிசை இருக்காது.

இரண்டாவது அரை டேங்க் மதம். ஃபுல் டேங்க் அடித்தால் எண்ணெயின் எடையையும் சேர்த்து மலைமேல் சுமக்க வேண்டுமே என்பது இவர்கள் வாதம். தர்க்கம் பிழையற்றது. கணக்குத்தான் சிரிப்பு வரவழைக்கிறது. முப்பது லிட்டர் டீசல் 25 கிலோ. அதை ஊட்டிவரை தூக்க ஆகும் கூடுதல் டீசல் ஏறத்தாழ 40 மில்லி, மூன்றரை ரூபாய். இதை மிச்சம் பிடித்தவர் ஊட்டியில் டீசல் போடுகிறார். அங்கே லிட்டர் விலை கீழே இருப்பதைவிடக் கூடுதல்.

ஏசி மறுப்பாளரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. கம்ப்ரசர் எஞ்சினிடமிருந்து கடன் வாங்கித்தான் குளிர்விக்கிறது. மணிக்குக் கால் முதல் அரை லிட்டர்வரை தின்னும். மலைப்பாதையில் வேகம் முப்பதைத் தாண்டாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், தொண்ணூறில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் முப்பதில் இருக்கும். ஆகவே பர்லியார் தாண்டிவிட்டால் கண்ணாடியை இறக்குவதே சரி. மேலே காற்று வேறு இலவசமாகக் குளிர்கிறது. ஆனால் இம்மதத்தார் அன்னூர் ரோட்டில் எண்பதில் போகும்போதும் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, உள்ளே பேசுவது யாருக்கும் கேட்காத நிலையில், மிச்சம் பிடிப்பதாகக் கத்துகிறார்கள். கூரைமேல் கேரியரைக் கழற்றச் சொல்வோருக்கும் இதையே திருப்பிப் போட்டுச் சொல்லலாம்: கேரியர் தின்பது சமவெளியில், மலையில் அல்ல.

கடைசியாக நியூட்ரல் மதம். இதைச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையிலும் குரலிலும் மிக்கவர்கள். என் மச்சான் இதில் மூத்த ஆசாரியர். "ஏனுங் மாப்ள, எறங்கறப்ப எஞ்சினுக்கு என்ன வேலைங்? மலையே தள்ளீட்டு வருமில்லீங்?" என்பது அவருடைய மூல வாக்கியம். அதற்கு விரிவுரையாக கியரை விடுவித்து, பிரேக்கில் கால் வைத்து, கோத்தகிரி வழியாகச் சும்மாவே இறங்கிக் காட்டுவார்.

மறுப்பு: இப்போதைய டீசல் வண்டியைக் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினின் மின்னணு மூளை டீசலை முழுதாக நிறுத்திவிடும். சக்கரம் எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்கத் தன் பாட்டுக்குக் குடிக்க வேண்டும், மணிக்கு முக்கால் லிட்டர் அளவில். அதாவது மிச்சம் பிடிக்கிறேன் என்று மச்சான் செய்வதுதான் செலவு. சில ஆசாரியர்கள் சாவியையே திருப்பி அணைத்துவிடுவார்கள் என்றும் கேள்வி. அப்படிச் செய்தால் பிரேக்குக்குத் துணைநிற்கும் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து கைவிடும். அது மைலேஜ் ஆய்வின் எல்லைக்கு வெளியே, வேறு இலாகாவுக்குப் போய்விடுகிறது.

பிரேக்கின் நிலையையும் பாருங்கள். மலையேறும்போது வண்டிக்குள் சேர்ந்த ஆற்றல் இறங்கும்போது எங்காவது செலவாகியே தீரும். சக்கர உராய்வு தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதே எழுபது எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். கல்யாண வீட்டு அண்டா இரண்டு. அவ்வளவு சூட்டையும் நான்கு பிரேக்கின் தலையில் கட்டிவிட்டு, கோத்தகிரியில் வாங்கிய வர்க்கியைச் சாப்பிட்டுக்கொண்டு வருகிறார் மச்சான். மலைப்பாதை ஓரத்தில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது அழகுக்கு அல்ல.

மச்சானுக்கு எதிராக நான் கொண்டுவரும் சாட்சி நீலகிரி மலை ரயில். 1899இல் குன்னூர்வரை வந்தது. பல்சக்கரப் பாதையில் எஞ்சின் எப்போதும் வண்டித்தொடரின் கீழ்ப்பக்கம்தான் நிற்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் சரிவில், நூற்றிருபது வருடங்களுக்கு மேலாக ஒருநாளும் அது நியூட்ரலில் இறங்கியதில்லை. இன்று ஊட்டிவரை ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, இறங்க மூன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதல்: அவசரம் இல்லாதவர்களின் கணக்கு அது.

இனி சுபக்கம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240. இரண்டு டன்னை 1,910 மீட்டர் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலுக்குள் அடங்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு மலையின் உயரம் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுதானா! ஆனால் முடிந்துவைத்த மூன்றில் ஒன்றை இப்போது அவிழ்க்கவும். ஒரு லிட்டர் வேலைக்கு மூன்று லிட்டர் எரிக்க வேண்டும். அந்த மூன்று லிட்டர் மலைக்குக் கட்டும் கப்பம். எலுமிச்சம்பழம் வைத்தாலும் சரி, டேங்கில் என்ன மருந்தை ஊற்றினாலும் சரி, அதில் சொட்டுக் குறையாது. உருண்டு போகும் செலவு, வளைவில் நின்று கிளம்பும் செலவு எல்லாம் இதற்கு மேல்.

இதே சூத்திரத்தை ஆட்களுக்குப் பொருத்தினால் ஏற்றுக்கூலி தெரியும். நான் கணக்குப் போட்ட அன்று டீசல் 92 ரூபாய் சொச்சம். எழுபது கிலோ ஆள் ஒருவரை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தூக்க 10 ரூபாய். மச்சான் 96 கிலோ: 14 ரூபாய். இந்தத் தொகையை அவரிடம் தெரிவித்ததில் குடும்பத்துக்குள் ஏற்பட்ட விளைவுகள் தனிக் கட்டுரைக்குரியவை.

உயரம் போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் திணறும் என்பாரும் உண்டு. குன்னூர் தாண்டியதும் சிப்ஸ் பாக்கெட் பலூன்போல உப்புவதைக் காட்டி நிறுவுவார்கள். காற்று மெலிவது மெய். ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். ஆனால் டர்போ என்பது அந்தக் குறையை ஈடுகட்டக் காற்றை அமுக்கி ஊட்டும் கருவி. திணறல் வேறிடத்திலிருந்து வருகிறது: மூன்றாவதிலேயே ஏறிவிட வேண்டும் என்ற வைராக்கியத்திலிருந்து. கியர் கூடினால் மைலேஜ் கூடும் என்பது சமவெளி ஞானம். ஏற்றத்தில் எஞ்சின் உறுமிக் குலுங்கும்போது பெடலை இன்னும் மிதித்தால், கேட்ட அளவுக்கு டீசல் உள்ளே போகும், வேலை நடக்காது. வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்து, நிற்காமல் திரும்பி ஏறுவதுதான் சிக்கனம். ஒருமுறை முழுதாக நின்று மறுபடி முப்பதைப் பிடிக்க 6 மில்லி போகும். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிறவர் ஒதுங்கி ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்வதில் இந்த ஆறு மில்லியும் அடக்கம் என்று நான் வாதிடுவேன். அரசு இதற்குமேல் அக்கறை காட்டுவதாகத் தெரியவில்லை. 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்கிறது. எத்தனை குடுக்குது என்று கேட்கவில்லை.

சோதனை இருமுறை நடந்தது. இரண்டிலும் மேட்டுப்பாளையத்து ஒரே பங்கில் ஃபுல் டேங்க் அடித்து, ஏறி இறங்கி வந்து மறுபடி நிரப்பி அளந்தேன். டாஷ்போர்டில் காட்டும் எண்ணை நான் ஏற்பதில்லை. இறக்கத்தில் அது காட்டும் மைலேஜை நம்பினால் ஊட்டிக்குப் போய்வந்தவருக்குப் பங்க்காரர் பாக்கி தர வேண்டியிருக்கும்.

முதல் முறை ஓட்டியது நான். மேற்கண்ட கொள்கைகள் அனைத்தும் மனத்தில் இருந்தன. ஏசி இல்லை, காற்று சரியான அளவு, கியர் முறைப்படி. முன்னால் ஊர்ந்த லாரியை முந்தி, பழக்கடைக் கூட்டத்தை முந்தி, கொள்கையைப் பின்பற்றாத பிற வண்டிகளையும் முந்தி ஏறினேன். லிட்டருக்குப் பதினொன்று சொச்சம்.

இரண்டாம் முறை ஓட்டியது என் மனைவி. அவருக்கு எந்த மதமும் கிடையாது. கூடவந்த என் அம்மாவுக்கு மலை ஏறினால் ஆகாது. கல்லாறிலேயே பின்சீட்டில் கண்ணயர்ந்துவிட்டார். "அத்த தூங்கறாங்க, எழுப்பாம போலாமுங்" என்பதற்குமேல் ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. லாரியின் பின்னாலேயே போனார். வளைவு தெரிந்ததும் காலை எடுத்தார். இறங்கும்போது பிரேக் அடித்தால் தலை முன்னால் சாயும் என்று இரண்டாவதிலேயே விட்டார். அம்மா கண் திறந்தது குன்னூரில் ஒருமுறை, திரும்பி மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை. அளந்து பார்த்தால் முன்னதைவிட லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல்.

முடிவைப் பெஞ்சின்முன் வைத்தேன். அன்றைக்குக் காற்று பின்னாலிருந்து அடித்திருக்கும் என்றார் ஒருவர். அந்த லோடு டீசல் நல்ல லோடு என்றார் இன்னொருவர். விடிகாலையில் போட்டீர்களா என்று அதிகாலையர் ஆவலோடு கேட்டார். மச்சான் வெகுநேரம் யோசித்து, "அக்கா நியூட்ரல்லதான் எறக்கியிருக்கோணும், உங்ககிட்டச் சொல்லியிருக்காதுங்" என்றார்.

இப்போது மலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். 58 கிலோ. ஏற்றுக்கூலி எட்டு ரூபாய் சொச்சம்.