கண்ணாடிக் கூரைக்குக் கீழே

ஆம்ஸ்டர்டாமில் கண்ணாடிக் கூரை போட்ட கால்வாய்ப் படகு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது, முன்சீட்டுக்காரரின் செல்ஃபோனில் தெரிகிற ஆம்ஸ்டர்டாமைத்தான். காதில் மாட்டிய ஒலிவழிகாட்டி ‘இடப்பக்கம் பாருங்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் மாளிகை பின்னால் போய்விடும்.

17ஆம் நூற்றாண்டுக் கால்வாய் வளையம். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கரையோர வீடுகள் ஒல்லி, உள்ளே மாடிப்படி அதைவிட ஒல்லி. பீரோவைக் கயிறு கட்டித்தான் மேலேற்ற வேண்டும். அதற்கு உச்சியில் கொக்கி. சுவரில் உரசாமலிருக்க, வீடே முன்னால் சாய்ந்து நிற்கிறது, வட்டிக்காரர் கணக்குப் பார்ப்பதுபோல.

கால்வாயிலேயே குடியிருக்கும் படகுவீட்டுக்காரர்கள் பாவம். சாப்பிட உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே நூறு கண்கள்.

கால்வாயின் மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், மிச்சம்தான் தண்ணீர் என்பது ஊர்க்காரர்களின் கிண்டல். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சைக்கிள்களை இரும்பு நகம் போட்டு அள்ளுகிறார்கள். அந்தக் காட்சிக்கு இன்னும் தனி டிக்கெட் போடாததுதான் ஆச்சரியம்.