மண்ணில் பிடித்த புரதம்

கேள்வி: எங்கள் வீட்டில் பீங்கான் பொம்மை வார்க்கிறோம். பிளஸ் டூ படிக்கும் மகள் புரதத்தின் வடிவத்தைப் படம் பார்த்து உருப்போடுகிறாள். களிமண்ணில் செய்து பார் என்றால் சிரிக்கிறாள். நான் சொன்னது தப்பா?
– ஒரு தாய், விருத்தாசலம்.

பதில்: தப்பே இல்லை, தாயே! உங்கள் கட்சியில் நோபல் பரிசுக்காரரே இருக்கிறார். 1957-இல் கேம்பிரிட்ஜில் ஜான் கென்ட்ரூ, தசையிலுள்ள மயோகுளோபினின் வடிவத்தை முதலில் செய்து காட்டியது பிளாஸ்டிசின் மண்ணில்தான். குடல் மாதிரி நெளிந்த உருவம். ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை உலகம் கண்டது அதுவே முதல்முறை.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 55-இல் குண்டும் குச்சியுமாக மாதிரி கட்டித்தான் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி வடிவத்தைப் பிடித்தார்கள். மூன்று இழைகளை முறுக்கினால் நடுவில் இடமே இருக்காது. அமினோ அமிலங்களிலேயே சின்னதான கிளைசின்தான் அங்கே அடங்கும். அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். புத்தகத்தில் இது ஒரு வரி. விரலில் இடித்தால் ஆயுசுக்கும் மறக்காது.

மகளை நூலில் களிமண் உருண்டை கோக்கச் சொல்லுங்கள். இரண்டு சுண்டைக்காய் அளவு, அடுத்தது மிளகளவு. இப்படி மூன்று சரம். மிளகெல்லாம் உள்பக்கம் வர முறுக்கட்டும். பிறகு ஒரு மிளகை எடுத்துவிட்டுச் சுண்டைக்காயை வைக்கட்டும். முறுக்கு அங்கே புடைத்துக்கொள்ளும். தொட்டால் எலும்பு முறியும் பிறவி நோய் பலருக்கு வருவது, ஒரே ஒரு கிளைசின் இப்படி மாறிப்போவதால்தான்.

சூளைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பிரித்துப் பிரித்துக் கட்ட மண் ஈரமாகவே இருக்கட்டும்!